கட்டிலுக்கடியில் இருந்த பிடியரிசி

என் மகன் தானியேலுக்குச் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை கிடைத்தது. அவன் புறப்பட்ட காலையில், வழியில் சாப்பிட என்று புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். தோட்டத்து வாசலில், முள்கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் நின்ற காவல்காரர் அவன் பெட்டியைத் திறந்து பார்த்தார். பொட்டலத்தை மட்டும் எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். சோறு கம்பிக்கு வெளியே போகக் கூடாது. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று அரசாங்கத்துக்குப் பயம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், அவரைக் குறை சொல்ல முடியாது. மகன் லோரியில் ஏறிப் போய்விட்டான். நான் பொட்டலத்தோடு தொழிலாளர் லயத்து வீட்டுக்குத் திரும்பி, அடுப்பங்கரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். இலைச் சூடு ஆறும்வரை அப்படியே இருந்தேன். அப்புறம்தான் அழுதேன்.

சகோதரிகளே, என் பெயர் பாக்கியம். ஈஜோக்குக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். நம் மாதர் கூட்டத்தில் இதை வாயால் சொன்னபோது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும். அதனால் நம் சபை உபதேசியார் மகள் சாரா பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள். என் பேச்சையெல்லாம் பள்ளிக்கூடப் பேச்சாக மாற்றிவிடுகிறாள். நான் இப்படியா பேசுகிறேன் என்று கேட்டால், சும்மா சொல்லிக்கொண்டே போங்கள் அத்தை என்று அதட்டுகிறாள். அவள் அதட்டலுக்கும் நான் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

என் வீட்டுக்காரர் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. மகள் எஸ்தரும் மகன் தானியேலும் அப்போது சின்னப் பிள்ளைகள். மரவள்ளிக்கிழங்கும் கீரையும் கொடுத்து இரண்டு பேரையும் காப்பாற்றினேன். எப்படிக் காப்பாற்றினேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே விளங்கவில்லை. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்ப வந்தான். நிமிர்ந்து மூச்சு விடுவதற்குள் அவசரகாலம் வந்துவிட்டது. சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி போட்டார்கள். இருட்டினால் ஊரடங்கு. அரிசி தலைக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுப்பார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் பெண் போலீஸ் எங்கள் மடியைத் தடவிப் பார்ப்பாள். பால்வாளிக்குள் குச்சியை விட்டுக் கிண்டுவார்கள். வெறும் தேத்தண்ணீர் மட்டும் கொண்டுபோகலாம். மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துதான் வாயில் ஏதாவது போடவேண்டும்.

இதெல்லாம் பிள்ளைகள் கூட இருந்தவரைக்கும் எனக்குப் பெரிய பாரமாகத் தெரியவில்லை. ஓடி வந்து சமைக்க ஒரு காரணம் இருந்தது. எஸ்தருக்கு ஈப்போவில் நல்ல மாப்பிள்ளை கிடைத்தார், அவள் கல்யாணமாகிப் போனாள். பிறகு தானியேல் போனான். பிள்ளைகள் நல்லபடி போகவேண்டும் என்றுதான் அத்தனை வருடமும் முழங்காலில் நின்றேன். ஆண்டவர் அந்த ஜெபத்தைக் கேட்டார். கேட்டபடியே கொடுத்துவிட்டார். ஆனால் வீடு இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஒரு ஆளுக்கு அடுப்பு மூட்டுவது எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஒரு நாள் ஆக்கி இரண்டு நாள் தின்பேன். சில நாள் தேத்தண்ணீரோடு படுத்துவிடுவேன். எதிர்வீட்டுக் காளியம்மா நல்ல மனசுக்காரி, ஆனால் வாய் மட்டும் அரிவாள். புகை வராத என் கூரையைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று திட்டுவாள். பிள்ளைகள் உயிரோடுதானே இருக்கிறார்கள், நீ ஏன் எழவு வீடு மாதிரி வைத்திருக்கிறாய் என்பாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஜெபம் செய்வேன். ஆண்டவரே, என் வேலை முடிந்தது. இனி நான் யாருக்கும் வேண்டாம். என்னை எடுத்துக்கொள்ளும். கிறிஸ்தவள் கேட்கக்கூடிய ஜெபமா அது? ஆனால் தினமும் கேட்டேன்.

இப்போது பிடியரிசியைச் சொல்லவேண்டும். நம் சபைப் பெண்களுக்கு இது தெரிந்ததுதான். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்போம். மாத முதல் ஞாயிறு அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுவோம். அது உபதேசியார் குடும்பத்துக்கும், இல்லாத வீடுகளுக்கும் போகும். என் அம்மா செய்தார்கள், நானும் செய்தேன். அது யோசித்துச் செய்கிற காரியம் கிடையாது. கை தானாகச் செய்துவிடும்.

கம்பி போட்ட பிறகு அரிசியை வெளியே கொண்டுபோக முடியவில்லை. உபதேசியார் ஜெராம் பக்கத்தில் இருந்து சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போகிறவர். அவர் வருவதும் குறைந்து போயிற்று. கடைசியாக வந்த ஆராதனையில், காலம் சரியாகும்வரை பிடியரிசி கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற பெண்கள் இருந்ததைத் தங்கள் உலையிலேயே போட்டுவிட்டார்கள். அளந்து தின்கிற காலத்தில் அது தப்பும் இல்லை. எனக்குத்தான் மனம் வரவில்லை. கொடுத்ததைத் திரும்ப எடுத்துத் தின்பது எப்படி? கையும் நிற்கவில்லை. பிள்ளைகள் இருந்த நாளிலும் பிடி விழுந்தது. போன பிறகும் விழுந்தது. சரியாகச் சாப்பிடாதவள் வீட்டில் அரிசி மிஞ்சத்தானே செய்யும். மிஞ்சியதும் அதிலேயே சேர்ந்தது. கட்டிலுக்கடியில் பெரிய பிஸ்கட் தகரம் ஒன்று நிறைந்து இரண்டாவது தகரமும் நிறைந்துகொண்டிருந்தது. மேலே போட்டிருந்த வெள்ளைத் துணியில் உபதேசியார் வீட்டம்மா சிவப்பு நூலில் சிலுவை தைத்துக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற நேரத்தில், கிராணி ஒரு அறிவிப்புச் சொன்னார். கிராணி எங்கள் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர், தமிழர், கண்டிப்பானவர். அளந்து கொடுத்ததற்கு மேல் யார் வீட்டில் அரிசி இருந்தாலும் இந்த வாரத்துக்குள் ஸ்டோரில் கொண்டுவந்து ஒப்படையுங்கள், கேள்வி கேட்கமாட்டோம், அப்புறம் அகப்பட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்றார். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். பால்மர நிரைக்கு நடக்கும்போது காளியம்மா, உன்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தாள். எனக்கு ஏது என்றேன். சகோதரிகளே, நான் பொய் சொல்லவில்லை. என் மனதில் அது அரிசியாகவே இல்லை. அது காணிக்கை. ஆண்டவர் பொருளை நான் என் கணக்கில் எப்படிச் சேர்ப்பேன்?

அடுத்த வாரம் காட்டோரத்தில் யாரோ ஒளித்து வைத்த அரிசி மூட்டையைப் பட்டாளத்துக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அன்று வேலை நிறுத்தி, எல்லாரையும் அவரவர் வாசலில் நிற்க வைத்து லயம் லயமாகச் சோதித்தார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஒரு மலாய்க்கார சார்ஜன், மொழி சொல்ல எங்கள் கிராணி. என் வீட்டில் சோதிக்க என்ன இருக்கிறது என்று நான் சாவகாசமாகத்தான் நின்றேன். சார்ஜன் கட்டிலுக்கடியில் குனிந்தார். தகரங்கள் வெளியே வந்தன. துணியை எடுத்தார்கள். வாசலில் நின்ற சனங்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு அது அரிசியாகத் தெரிந்தது.

"யாரு அரிசி இது?" என்று கிராணி கேட்டார்.

"சாமியோடதுங்க."

அவர் அதை இங்கிலீசில் சொன்னார். அதிகாரி என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கலாம். யார் வந்து இதை எடுத்துப் போவார்கள் என்று கேட்கச் சொன்னார்.

"உபதேசியார் வந்து எடுத்துக்கிட்டுப் போவாருங்க. இப்பதான் அவரு வர்றதில்ல."

கிராணி மொழிபெயர்க்காமல் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாக்கியம், நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இருந்ததைச் சொன்னேன். அதிகாரி கேட்கவும் அவர் அதையும் மொழிபெயர்த்தார். தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போகிற ஒரு மனிதர், அவருக்காக ஒருத்தி ஒளித்து வைத்த அரிசி. அவர்கள் காதில் அது எப்படி விழும் என்று பாருங்கள். என்னை லோரியில் ஏற்றினார்கள்.

கோலசிலாங்கூர் போலீஸ் நிலையத்தில் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கூட வந்த கிராணி, நிஜத்தை மட்டும் சொல், இல்லாவிட்டால் உள்ளே போடுவார்கள், ஊருக்கே கப்பல் ஏற்றி அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்று எச்சரித்தார். ஊர் என்றால் இந்தியா. நான் இடுப்புக் குழந்தையாக வந்தவள். அங்கே எனக்கு ஒரு வாசல்கூடத் தெரியாது. போய்விட்டால் எஸ்தரையும் தானியேலையும் இனிக் கண்ணால் பார்க்க முடியாது. இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், அப்போதுகூட எனக்குப் பெரிய பயம் வரவில்லை. எடுத்துக்கொள்ளும் என்று கேட்டேன், ஆண்டவர் ஒரு வழி திறக்கிறார் போல என்று மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளிச்சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. கைப்பிடியில் காக்கித் துணிப்பை தொங்கியது. பாட்டுப் புத்தகங்கள் வைக்கிற பை. அந்தப் பையின் பிய்ந்த வாரை ஒரு தடவை நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

உபதேசியாரையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவருக்கு நான்கு பிள்ளைகள். இதை எழுதுகிற சாராதான் மூத்தவள். கடைசிக் குழந்தைக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையால் அந்த வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது. அத்தனை மாதம் வராத பயம் அப்போது வந்தது.

பெஞ்சைவிட்டுத் தரையில் முழங்கால் போட்டேன். காவலுக்கு நின்றவர் தடுக்கவில்லை. நான் செய்த ஜெபத்தை அப்படியே சொல்கிறேன். இதையாவது மாற்றாமல் எழுது என்று சாராவிடம் சொல்லியிருக்கிறேன்.

"ஆண்டவரே, என்னை எடுத்துக்கோன்னு தெனமும் கேட்டேனே, அதத் திரும்ப வாங்கிக்கிறேன். நான் போயிட்டா இந்த மனுசனுக்கு யாரு சாட்சி சொல்லுவா? எனக்கு உசுரு வேணும். அவரு வீட்டுக்குப் போற வரைக்கும் எனக்கு உசுரு வேணும்."

இவ்வளவுதான். அழகான வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்தபோது அந்தப் பயம் குறைந்திருந்தது. பசித்தது. எத்தனையோ மாதமாக எனக்குப் பசி என்பதே தெரியாது. அந்த நிலையத்தில், அந்தப் பெஞ்சில், எனக்குப் பசித்தது. ஒரு போலீஸ்காரர் ரொட்டித் துண்டும் கோப்பியும் கொடுத்தார். ஒரு துளி விடாமல் குடித்தேன். பதில் சொல்லத் தெம்பு வேண்டுமே.

மறுநாள் காலையில் என்னை அதிகாரி அறைக்குக் கூப்பிட்டார்கள். சார்ஜன் தரையில் ஒரு சாக்கை விரித்து முதல் தகரத்தைக் கவிழ்த்தார். மேலாகக் கொட்டிய அரிசி நன்றாக இருந்தது. அடியில் இருந்தது கட்டி கட்டியாக விழுந்தது. ஒரே வண்டு. சாக்கைவிட்டு இறங்கி அதிகாரியின் கால் சப்பாத்துப் பக்கம் ஊர்ந்து போயிற்று. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆண்டவருக்கு வைத்ததை இந்த நிலைமைக்கு விட்டுவிட்டேனே என்று கண்ணீர் வந்தது. சார்ஜன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் கிளறினார். ஒரு பக்கம் சிவப்பரிசி, ஒரு பக்கம் குருணை, ஒரு பக்கம் புழுங்கல். கடையில் ஒவ்வொரு காலத்தில் என்ன வந்ததோ அது அடுக்கடுக்காக இருந்தது. அவர் மலாயில் ஏதோ சொன்னார். கிராணி பிற்பாடு எனக்கு விளக்கினார். காட்டுக்குப் போகிற அரிசி இப்படி வருடக்கணக்காக ஒரே இடத்தில் கிடக்காது, இதை யாரும் எடுக்க வரவில்லை என்று சொன்னாராம்.

அதிகாரி உடனே நம்பிவிடவில்லை. உபதேசியாரை வேறு அறையில் வைத்திருந்தார்கள். நான் சொன்னது எதையும் அவரிடம் சொல்லாமல், தோட்டத்து வீடுகளில் உன் சபைக்குச் சேரவேண்டிய பொருள் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். அவர் யோசிக்கவே இல்லை. பிடியரிசி இருக்கும், நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், ஆனாலும் பாக்கியம் அம்மா வீட்டில் கட்டாயம் இருக்கும், சிவப்பு நூல் சிலுவை போட்ட துணியால் மூடியிருப்பார் என்று சொல்லிவிட்டார். அந்தத் துணி அதிகாரியின் மேசைமேல்தான் கிடந்தது.

அன்று மத்தியானம் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள். இனி ஒரு மணி அரிசி அதிகமாக இருந்தாலும் மன்னிப்புக் கிடையாது என்று அதிகாரி சொன்னார். வாசலில் உபதேசியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நின்றார். நான் அவர் காலில் விழப் போனேன். அவர் பதறிப் பின்னால் நகர்ந்து, வீட்டுக்குப் போய் முதலில் சாப்பிடுங்கள் அம்மா என்றார். அவர் பெடலை மிதித்து ஜெராம் சாலையில் போவதைக் கண்மறையும்வரை பார்த்தேன். என் ஜெபத்தை ஆண்டவர் கேட்டுவிட்டார். அவர் வீட்டுக்குப் போகிறவரைக்கும்தான் உயிர் கேட்டிருந்தேன். இனி என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அரிசி என்ன ஆயிற்று என்று சிலர் கேட்பீர்கள். நிலையத்துக்குப் பின்னால் கோழி வளர்த்தார்கள். அவை வண்டோடு சேர்த்துத் தின்று கொழுத்திருக்கும்.

லயத்துக்கு வந்தபோது என் கூரையில் புகை போய்க்கொண்டிருந்தது. காளியம்மா என் வீட்டுக்குள் இருந்தாள். வாசல் பெருக்கி, சோறு ஆக்கி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுவாள் என்று பார்த்தால், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, கட்டிலுக்கு மேல பட்டினி, கட்டிலுக்கு அடியில அரிசியா? ஒங்க சாமியா இப்படி இருக்கச் சொன்னாரு?"

அவள் சாமி வேறு, என் சாமி வேறு. ஆனால் அந்தக் கேள்வியை என் ஆண்டவர்தான் அவள் வாயில் வைத்தார் என்று இன்றுவரை நம்புகிறேன். பட்டினி கிடப்பவள் ஒருத்தியை அவர் எனக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார், நானே அவள். அவளுக்கு ஒரு பிடி போட எனக்குத் தோன்றவில்லை. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். காளியம்மா எதிரில் உட்கார்ந்து தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

சில மாதம் கழித்து வேறொரு உத்தரவு வந்தது. இனி யார் வீட்டிலும் வேகாத அரிசி ஒரு மணிகூட இருக்கக் கூடாது. தோட்டத்து அரிசி முழுவதையும் ஒரே கொட்டகையில் ஆக்கி, வேளைக்கு வேளை சோறாகத்தான் கொடுப்பார்கள். ஆக்கின சோறு காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊசிவிடும் அல்லவா, அதற்காக. சனங்களுக்குத் தாங்கமுடியாத கோபம். சொந்த அடுப்பில் சோறு பொங்காதது ஒரு வீடா என்று கத்தினார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை, யார் ஆக்குவது என்பதில் வந்தது. அவன் வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போவான், இவள் தன் ஆளுக்கு அடிச்சோறு இல்லாமல் கொடுப்பாள் என்று ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். கிராணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். போலீஸ் லோரியில் போய்வந்தவள் என்று சிலர் இன்னும் என்னோடு பேசாத சமயம். காளியம்மா எழுந்தாள்.

"வண்டு புடிச்சாலும் சாமி அரிசின்னு தொடாம பட்டினி கெடந்தவ ஒருத்தி இருக்கா. அவ நம்ம அரிசியத் தொடுவாளா? பாக்கியத்தப் போடுங்கய்யா."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கிராணி என் பக்கம் திரும்பினார். என் தகரம் கவிழ்ந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். செய்வாயா என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எந்தக் காரியத்துக்காக என்னைக் குற்றவாளி என்று லோரியில் ஏற்றினார்களோ, அதே காரியத்துக்காக அரிசிக் கொட்டகைச் சாவியை என் கையில் கொடுத்தார்கள். மனிதர் செய்த ஏற்பாடு இது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

முதல் நாள் சமையலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் காளியம்மா சொல்லிவிடுவாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவு பெரிய அண்டா. மேலே அரைவேக்காடு, அடியில் கரி. என் ஒரு ஆள் சட்டியின் கணக்கு அதில் எங்கே செல்லும்? சனங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். மறுநாள் விடியற்காலையில் கூடமாட உதவ இரண்டு பெண்கள் வந்தார்கள். போகப் போகக் கை பழகிவிட்டது.

இப்போது பிடி எடுத்து வைக்க முடியாது, எடுத்தால் அது திருட்டு. அதனால் அண்டாவில் ஒவ்வொரு படி அரிசி போடும்போதும் ஒரு வீட்டை நினைத்து ஜெபம் செய்கிறேன். அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் புருசன் குடித்துவிட்டு வருகிறான், எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள் எல்லாம் எனக்குத் தெரியும். சோறு வாங்க வருகிற முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பேறுகாலம் ஆனவளுக்குக் குழைய ஆக்குவேன். பல் போன பெரியவருக்குக் கஞ்சி தனியாக எடுத்து வைப்பேன். பிள்ளைகள் என்னைச் சோத்தம்மா என்று கூப்பிடுகிறார்கள். முதலில் கோபம் வந்தது. இப்போது பாக்கியம் என்று யாராவது கூப்பிட்டால்தான் யாரையோ என்று நினைக்கிறேன். உபதேசியார் மறுபடி வரத் தொடங்கிவிட்டார். சாரா ஆராதனை நாளில் அப்பாவோடு வந்து எனக்குக் காய் நறுக்கித் தருவாள், உப்பு அதிகம் என்று அதட்டுவாள். என் மகள் அதட்டுவது போலவே இருக்கும்.

போன கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம் தானியேல் வந்தான். ரயில் பட்டறைக் குடியிருப்பில் அவனுக்கு வீடு கொடுத்துவிட்டார்கள். முன்னறை, பின்னறை, குழாய்த் தண்ணீர். பின்னறை உங்களுக்குத்தான் அம்மா, பெட்டியைக் கட்டுங்கள், இன்றைக்கே போகலாம் என்றான். சகோதரிகளே, அவன் போன நாளிலிருந்து நான் ஏங்கிய வார்த்தை இதுதான். ஒரு வருடம் முன்னால் சொல்லியிருந்தால் பெட்டிகூடக் கட்டாமல் ஓடியிருப்பேன். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் சோறு கொடுத்துவிட்டு வருகிறேன், அதுவரை அந்தக் கட்டையில் உட்கார் என்றேன்.

மணி அடித்தது. பால் நிறுத்துவிட்டு வந்த சனங்கள் தூக்குச்சட்டியும் தட்டுமாக வரிசையில் நின்றார்கள். நான் அகப்பையை எடுத்தேன். அப்புறம் எனக்கு அவன் ஞாபகமே இல்லை. ஒருத்தியிடம் குழந்தை பால் குடிக்கிறதா என்று கேட்டேன். ஒருவனை நேற்று எங்கே போய்விழுந்தாய் என்று திட்டினேன். இடுப்புயரப் பையன் ஒருவன் அடிச்சோறு கேட்டு அடம்பிடித்தான், சுரண்டிக் கொடுத்தேன். காளியம்மா வழக்கம்போல் குழம்பைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு இரண்டாவது கரண்டியும் வாங்கிக்கொண்டாள். வரிசை முடிகிற நேரத்தில்தான் நிமிர்ந்தேன்.

கடைசி ஆளாகத் தானியேல் நின்றான். யாரிடமோ ஒரு தட்டை இரவல் வாங்கியிருந்தான். கண் கலங்கியிருந்தது. எவ்வளவு நேரமாக வரிசையில் நின்றானோ தெரியாது.

"நான் ஒங்கள அங்க கொண்டு போயி ஒரு அறைக்குள்ள உக்கார வச்சிருப்பேம்மா," என்றான். பிறகு தட்டை நீட்டினான். "எனக்கும் பசிக்குது. போடுங்க."

அவனுக்கும் எல்லாருக்கும் போட்ட அளவுதான் போட்டேன். கூடப் போட்டால் சனம் என்ன சொல்லும்? அவன் கட்டையில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் தின்றான். சாயங்காலம் அவனை வாசலில் வழியனுப்பினேன். இந்த முறை கையில் பொட்டலம் இல்லை. திரும்பி நடக்கும்போது ராத்திரிச் சோற்றுக்கு விறகு போதுமா என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று எல்லாரும் பேசுகிறார்கள். வந்தால் இந்தக் கம்பியும் போகும், பொதுச் சமையலும் போகும், அவரவர் வீட்டில் அவரவர் அடுப்பு எரியும். எரியவேண்டும், அதற்குத்தான் நானும் ஜெபம் செய்கிறேன். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தானியேல் கேட்டான். எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். முன்பு போல எனக்குப் பயம் இல்லை.

இதை வாசிக்கிற சகோதரி, உன் பிள்ளைகளும் லோரி ஏறிப் போயிருக்கலாம். வீட்டில் உன் காலடிச் சத்தம் உனக்கே பயமாக இருக்கலாம். என் வேலை முடிந்தது, எடுத்துக்கொள்ளும் என்று நீயும் கேட்டுக்கொண்டிருக்கலாம். நானும் கேட்டவள்தான், உன்னைக் குறை சொல்லமாட்டேன். அந்த ஜெபத்துக்கு அவர் பதில் சொல்லாமல் இருந்ததற்காகத்தான் நான் இன்று அவருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன். உனக்கும் அவர் சொல்லமாட்டார். எழுந்து முகம் கழுவு. அடுப்பை மூட்டு. முதலில் நீ சாப்பிடு. சாப்பிட்டுவிட்டுக் கதவைத் திறந்து வை.